தொட்டாலே திரும்பும் ஸ்டியரிங்: நெடுஞ்சாலை ஓட்டம் குறித்த கேள்வி பதில்

வேகமெடுத்ததும் கார் கையில் நிற்பதில்லை என்று உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன. ஒரே குறையைப் பலரும் வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் ஹேட்ச்பேக் ஊருக்குள் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. நான்குவழிச் சாலையில் 90 கி.மீ. வேகத்தைத் தாண்டினால், ஸ்டியரிங்கை லேசாக அசைத்தாலே பக்கத்துத் தடத்துக்குப் பாயப் பார்க்கிறது. ஸ்டியரிங் பெட்டி பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஸ்டியரிங்கை ஒரே அளவு திருப்பினாலும் அதனால் உண்டாகும் பக்கவாட்டு முடுக்கம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரக்கூடியது, 50 கி.மீ. வேகத்தில் உண்டாவதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு 100 கி.மீ. வேகத்தில் உண்டாகலாம். இதைத் தணிப்பதற்காகவே, வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்றுக் கூடுதலாக விலகிச் செல்லும்படியும், கையைத் தளர்த்தினால் சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும்படியும் தயாரிப்பாளர்கள் வண்டியை அமைக்கிறார்கள். டயர் காற்று, டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு), கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), ரப்பர் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கெட்டாலும் இந்த அமைப்பு குலைந்துவிடும்; ஆனால் 40 கி.மீ. வேகத்தில் அது உங்களுக்குத் தெரியாது. ஆகவே முதலில் காற்று, அடுத்து அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்), பிறகு புஷ்களும் இணைப்புகளும், பின்சக்கரங்கள், கடைசியாகவே ரேக் (நீங்கள் சொல்லும் ஸ்டியரிங் பெட்டி) என்ற வரிசையில் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே ரேக்கை மாற்றச் சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: காற்று எவ்வளவு வைப்பது? பெட்ரோல் பங்கில் கேட்டால் நான்கிலும் 35 வைத்துவிடுகிறார்கள்.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் வண்டிக்குரிய அளவு இருக்கும். அது டயர் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டிய அளவு. சிறிது தூரம் ஓடிய டயரில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. உங்கள் குறைக்கு முக்கியமானது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேறுபாடு. முன்டயரில் 36, பின்டயரில் 27 என்று இருந்தால் முன்பக்கம் சட்டென்று திரும்பும், பின்பக்கம் தாமதமாக அசைந்து தொடரும். அந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் நீங்கள் ஸ்டியரிங் துள்ளுவதாக உணர்கிறீர்கள். சொந்தமாக ஒரு காற்றழுத்த அளவி வாங்கிக் காலையில் வண்டியை எடுக்கும் முன் பாருங்கள்.

கேள்வி: சென்ற வாரம்தான் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் செய்தேன். எல்லாம் பச்சையில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வண்டி அலைவது மட்டும் நிற்கவில்லை.

பச்சை என்பது அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அந்த எல்லையின் எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் கொண்ட அச்சுத்தாளைக் கேட்டு வாங்கி, முன்சக்கர டோ என்ற வரியைப் பாருங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் கழித்தல் குறி இருந்தால் டோ அவுட், அதாவது சக்கரங்களின் முன்விளிம்புகள் வெளிநோக்கி விரிந்திருக்கின்றன என்று பொருள். டோ அவுட்டில் இருக்கும் வண்டி நேராக ஓட விரும்பாது. சாலையின் சிறு மேடுபள்ளத்தில் எந்தச் சக்கரத்தின் மேல் பாரம் கூடுகிறதோ அந்தச் சக்கரம் நோக்கும் பக்கம் வண்டி போகும். 14 அங்குல ரிம்மில் மொத்தம் 3 மி.மீ. விரிவு என்பது ஏறக்குறைய அரை டிகிரி. கண்ணுக்குத் தெரியாத இந்த அளவே நெடுஞ்சாலையில் கையை ஓயவிடாமல் செய்யப் போதுமானது. உங்கள் மாடலுக்குரிய எல்லை அனுமதித்தால், சுழியத்திலிருந்து சற்றே உள்நோக்கி, இருபக்கமும் சமமாக வைத்துத் தரும்படி கேளுங்கள்.

அடுத்தது கேஸ்டர். மிதிவண்டியைக் கையை விட்டும் ஓட்ட முடிவதற்கு அதன் முன்கவை சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். காரிலும் சக்கரம் திரும்பும் அச்சு அவ்வாறே பின்சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு குறைந்தால் ஸ்டியரிங் இலேசாகி, நேருக்குத் திரும்பும் ஆசையை இழக்கும். இதை அளக்கச் சக்கரங்களைச் சுழல்தட்டின் மேல் இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதால், கூட்டம் மிகுந்த கடைகளில் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறு கார்களில் கேஸ்டரைத் திருத்த வசதி கிடையாது. அளவு தவறியிருந்தால் லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடிப்பக்கத்தில் வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) வளைந்திருக்கும், அல்லது புஷ் போயிருக்கும், அல்லது வண்டி எங்கோ பலமாக இடித்திருக்கும்.

கேள்வி: புஷ், டை ராட் எண்டு ஆகியவை தேய்ந்திருப்பதை நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். எஞ்சினை நிறுத்தி, நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும்போது, ஒருவர் உள்ளே அமர்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஓரிரு விரற்கடை அளவுக்கு மட்டும் ஆட்டட்டும். நீங்கள் குனிந்து, ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையான டை ராட் எண்டின் பந்தும் அதன் கூடும் சேரும் இடத்தின் மேல் விரலை வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்திருந்தால் சக்கரம் அசைவதற்கு முன்னரே ‘டக்’ என்ற சிறு நெகிழ்வு விரலில் தட்டும். லோயர் ஆர்மின் பின்புஷ்ஷில், உள்ளிருக்கும் இரும்புக் குழலைச் சுற்றி ரப்பர் பிளந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது பிளந்திருந்தால், நிற்கும்போது சரியாக அளந்து வைத்த டோ, ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் பணம்தான் வீண். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் படுக்காதீர்கள்.

புதிய புஷ் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துவிடும். வண்டியின் பாரம் சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகே இறுதி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வேறு மாதிரி. சிறிது திருப்பினால் ஸ்டியரிங் அங்கேயே நின்றுவிடுகிறது. மறுபக்கம் திருத்தினால் அளவுக்கு மீறிப் போகிறது.

உங்களுடையது தொட்டாலே திரும்பும் குறை அல்ல, உராய்வு. நடுவில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டியரிங்கை அசைக்கக் கூடுதல் விசை தருகிறீர்கள். ஒட்டு விட்டதும் அந்த விசை முழுவதும் திருப்பமாகிவிடுகிறது. வெறிச்சோடிய மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் அரைச்சுற்றுத் திருப்பிப் பிடியைத் தளர்த்துங்கள். தானாக நேருக்கு வராவிட்டால் ஸ்ட்ரட்டின் (முன்சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் தூண்) மேல்பேரிங், ஸ்டியரிங் தண்டின் யூனிவர்சல் ஜாயிண்ட் (மடங்கும் இணைப்பு) ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். அண்மையில் யாராவது ‘கடகட’ சத்தத்தை நிறுத்துவதற்காக ரேக்கின் சரிசெய்யும் நட்டை இறுக்கினார்களா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். சத்தம் போகும், அத்துடன் ஸ்டியரிங்கின் இயல்பும் போய்விடும்.

கேள்வி: 14 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 16 அங்குல அலாய் போட்ட பிறகே இப்படி ஆனது.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அகலமான, பக்கச்சுவர் குட்டையான டயர் திருப்பத்துக்கு உடனே இணங்கும்; சாலையின் நீளவாட்டுத் தடங்களையும் பிடித்துக்கொண்டு ஓடும். ரிம்மின் ஆஃப்செட் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் அளவு) மாறியிருந்தால் சக்கரம் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் நடுவிடத்துக்கும் உள்ள தொலைவும் மாறி, ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கை இழுக்கும். பழைய சக்கரங்களை ஒருநாள் மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஸ்பேசர் (ரிம்முக்குப் பின்னால் வைக்கும் தட்டு) போட்டுச் சரிசெய்வதாக யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: முன்பக்கம் புதிய டயர் இரண்டு போட்டேன். அதிலிருந்து தடம் மாறும்போது பின்பக்கம் ஆடுகிறது.

நல்ல டயர் இரண்டும் பின்னால்தான் இருக்க வேண்டும். முன்சக்கர இயக்கமுள்ள காருக்கும் இதுவே விதி. முன்பிடி வலுத்துப் பின்பிடி தளர்ந்தால் வண்டி எளிதில் சுழலும்; மழையில் இது ஆபத்தானது. இன்றே இடம் மாற்றுங்கள். அதன் பிறகும் ஆடினால் பின் அச்சின் புஷ்களையும் பின்சக்கர டோவையும் அளக்கச் சொல்லுங்கள். முன்சக்கரங்களை மட்டும் அளந்து அனுப்பும் கடைகள் நிறைய உண்டு. பின்னால் டோ அவுட் இருந்தால் முன்னால் என்ன செய்தும் பயனில்லை.

கேள்வி: குடும்பத்தோடு, டிக்கி நிறையச் சாமான்களோடு போகும்போது மட்டும் இந்தத் தொல்லை.

பின்பாரம் மிகுந்தால் முன்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறையும். கதவுத் தூணில் உள்ள தாளில் முழுப் பாரத்துக்கென்று தனி அளவு இருந்தால் அதன்படி பின்டயருக்குக் காற்று வையுங்கள். கனமானவற்றை இருக்கை முதுகை ஒட்டித் தாழ்வாக அடுக்குங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் மிகவும் இலேசாக உள்ளது. மென்பொருளில் கனமாக்க முடியுமா?

வேகம் கூடக் கூட மோட்டார் தரும் உதவி குறைய வேண்டும் என்பதுதான் அதன் வடிவமைப்பு. வேகத்தைத் தெரிவிக்கும் சமிக்ஞை அதற்குக் கிடைக்காவிட்டால் உதவி குறையாமலேயே இருந்துவிடக்கூடும். ஸ்கேனர் மாட்டிப் பழுதுக்குறிகளைப் படிக்கச் சொல்லுங்கள். அலைன்மென்டுக்குப் பின் ஸ்டியரிங் கோண உணரியை நடுநிலைப்படுத்த வேண்டிய மாடல்களில் அதையும் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சில கார்களில் ஸ்போர்ட் நிலை இருக்கும். அது கையில் கனத்தைக் கூட்டுமே தவிர, பெரும்பாலான கார்களில் திருப்ப விகிதத்தை மாற்றாது. டோ கெட்ட வண்டியில் கனமான ஸ்டியரிங்கும் அலையத்தான் செய்யும்.

கேள்வி: வெள்ளைக் கோட்டை நெருங்கும்போது ஸ்டியரிங் தானாக இழுக்கிறது.

தடம் காக்கும் உதவி வசதி இயங்குகிறது. அதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டலாமா?

பல மாதங்களாக மெல்ல வளர்ந்த குறை என்றால், வேகத்தை 70 கி.மீ. அளவில் நிறுத்திப் பட்டறை வரை ஓட்டலாம். ஒரே நாளில் தோன்றியதானால், அல்லது ஸ்டியரிங்கில் புதிதாக ஆட்டமோ உலோகத் தட்டலோ சேர்ந்திருந்தால், ஓட்டாதீர்கள்; டை ராட் எண்டோ பால் ஜாயிண்டோ (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பந்து இணைப்பு) கழன்றால் அந்தச் சக்கரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. இழுவை வண்டியை வரச்சொல்லி ஏற்றி அனுப்புங்கள்.