வாசகர் கேள்வி பதில்: ஜப்பான் பாட்டில் கடலும் கோடையும்

கேள்வி: அண்ணே, அனிமே பார்க்க ஆரம்பித்ததிலிருந்து ஜப்பான் பாட்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதை எடுத்தாலும் கடற்கரை, கோடை, காதல். நமக்குக் கோடை என்றால் கத்திரி வெயில், வெளியே தலைகாட்ட முடியாது. அவர்களுக்கு மட்டும் அதில் எப்படிக் காதல் வருகிறது?
(கல்லூரி மாணவி, திருமங்கலம்)

பதில்: அவர்களுக்குக் கோடை ரொம்பக் கொஞ்ச நாள், தங்கச்சி. விஷயமே அதுதான். டோக்கியோ பக்கம் ஜூன் மாதமும் ஜூலையில் பாதியும் மழைக்காலம், நசநசவென்று பெய்துகொண்டே இருக்கும். அது ஓய்ந்ததும் பளீரென்று வெயில். ஜூலை 20 வாக்கில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விடுவார்கள், ஜூலை மூன்றாவது திங்கள்கிழமை கடலுக்கென்றே அரசு விடுமுறை. ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வீட்டுக்கு வரவேற்று வழியனுப்பும் ஓபோன் வரும், அதை ஒட்டிக் கடலில் ஜெல்லிமீன் பெருகி, குளிக்க வருகிற கூட்டம் குறைந்துவிடும். அப்புறம் செப்டம்பர், மறுபடி பள்ளிக்கூடம். ஒரு பையனும் பெண்ணும் கடற்கரையில் சந்தித்து, பழகி, பிரிவதற்கு மொத்தமாகக் கிடைப்பது ஆறு வாரம் இருந்தால் அதிகம். மதுரையில் பங்குனியில் பிடிக்கிற வெயில் எப்போது விடும் என்று நாம் வானத்தைப் பார்க்கிறோம், அவர்களோ அதற்குள் முடியப்போகிறதே என்று பாட்டு எழுதுகிறார்கள்.

இடமும் ஒரு காரணம். டோக்கியோவிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சகாமி வளைகுடாக் கரை வந்துவிடும், ஷோனான் என்பார்கள். அந்தக் கரையில் உள்ள சிகாசாகி ஊரில் வளர்ந்தவர் யூசோ கயாமா, 1960-களில் சினிமாவில் கித்தாரும் படகுமாக வந்து, தானே மெட்டமைத்துப் பாடிய நடிகர். அதே ஊரில் 1956-இல் பிறந்தவர் கெய்சுகே குவாடா. இவருடைய சவுதர்ன் ஆல் ஸ்டார்ஸ் குழு 1978 ஜூனில் வெளியிட்ட முதல் பாட்டிலேயே சிகாசாகி, எனோஷிமா என்று ஊர்ப்பெயர்கள் வந்துவிடும். இன்றைக்கு சிகாசாகி கடற்கரைக்கே அந்தக் குழுவின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: என் பேரன் ஓயாமல் இந்த ஜப்பான் பாட்டைத்தான் போடுகிறான். துள்ளலாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் ஆழமாக என்ன இருக்கிறது? வெறும் குஷிதானே?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்)

பதில்: ஐயா, இதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் பாடத்திலிருந்தே சொல்கிறேன். தொல்காப்பியம் வேனிலையும் நண்பகலையும் பாலைக்குக் கொடுக்கிறது, பாலைக்கு உரிய பொருள் பிரிவு. கடற்கரை நெய்தல், அதற்கு உரியது இரங்கல். அப்படியானால் கோடையையும் கடலையும் ஒரே பாட்டில் வைத்தால் நம் கணக்குப்படி என்ன வர வேண்டும்? பிரிவும் இரங்கலும். ஜப்பான் பாட்டிலும் அதேதான் வருகிறது. நம் இலக்கணம் அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய அவசியமே இல்லை, குறுகிய கோடையும் கரையும் அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன.

பாடகர் எயிச்சி ஓடாக்கி 1981 மார்ச்சில் வெளியிட்ட ‘எ லாங் வெக்கேஷன்’ தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உறையில் நீல வானம், நீச்சல் குளம், தென்னை மாதிரி மரங்கள், ஹிரோஷி நாகாயி வரைந்தது. பார்த்தால் விடுமுறை விளம்பரம்தான். முதல் பாட்டும் மணியடிக்கிற மாதிரி கலகலவென்று ஆரம்பிக்கும். அந்தப் பாட்டை எழுதிய தகாஷி மட்சுமோட்டோவின் தங்கை அப்போதுதான் சின்ன வயதிலேயே நோயில் இறந்திருந்தார், எழுதவே முடியாமல் கிடந்தவருக்காக ஓடாக்கி தொகுப்பைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார். தங்கை போனபிறகு தெருவே நிறமில்லாமல் தெரிந்தது என்று மட்சுமோட்டோ பின்னாளில் சொல்லியிருக்கிறார், பாட்டில் வருவதும் நிறம் இழந்த நினைவுகளுக்கு மறுபடி நிறம் கேட்கிற ஒருவனின் குரல். பேரனோடு உட்கார்ந்து ஒருதரம் இதை மனதில் வைத்துக் கேளுங்கள் ஐயா, அந்தத் துள்ளல் வேறு மாதிரிக் கேட்கும்.

சவுதர்ன் ஆல் ஸ்டார்ஸின் ‘மனாட்சு நோ கஜிட்சு’, 1990, அதுவும் உச்சிக் கோடையில் நின்றுகொண்டு போன காதலை நினைக்கிற பாட்டுதான். அடுத்த வருடமே ஹாங்காங்கில் ஜாக்கி சியுங் அதே மெட்டைக் கான்டனீஸில் பாட, அங்கேயும் பெரிய வெற்றி. திருமங்கலத்துத் தங்கச்சி அனிமேயில் கேட்டிருக்கக்கூடிய 2017-ஆம் ஆண்டு ‘உச்சியாகே ஹானபி’கூட அன்றைக்குப் பார்த்த கடற்கரையை இன்றைக்கு நினைத்துக்கொள்வதில்தான் தொடங்குகிறது. எல்லாம் நடந்து முடிந்தபிறகு நின்று பாடுகிறார்கள், கவனித்துப் பாருங்கள்.

விதிவிலக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். செய்கோ மட்சுடா 1980 ஜூலையில் பாடிய ‘அவோய் சங்கோஷோ’வில் சோகம் துளிகூட இல்லை, பதினெட்டு வயதுக் குரல் கடல்காற்றில் அப்படியே ஏறிப்போகும். 2024 ஜூனில் நியூஜீன்ஸ் என்ற கொரியப் பாட்டுக் குழுவின் ஹன்னி டோக்கியோ டோமில் அதைப் பாடியபோது அரங்கமே எழுந்தது. அந்தப் பாட்டுக்கு எந்த ஆழமும் தேவையில்லை.

கேள்வி: ‘சுனாமி’ என்றே ஒரு காதல் பாட்டு இருக்கிறதாமே? 2004-இல் வேளாங்கண்ணியில் என் சொந்தக்காரர்களைத் தேடி அலைந்தவன் நான். அப்படி ஒரு பெயரை எப்படி வைத்தார்கள்?
(லாரி ஓட்டுநர், உசிலம்பட்டி)

பதில்: அண்ணே, அது நம் கரையில் கடல் ஏறுவதற்கு முன்னாடியே வந்த பாட்டு. 2000 ஜனவரியில் சவுதர்ன் ஆல் ஸ்டார்ஸ் வெளியிட்டது. காதலின் தனிமை பேரலையாக வந்து அடிக்கிறது என்று பாடினார்கள், விற்பனை 30 லட்சத்தை நெருங்கியது, அந்த வருட ஜப்பான் ரெக்கார்டு விருதும் அதற்குத்தான். பிறகு 2011 மார்ச் 11 வந்தது. வடகிழக்குக் கரையில் ஊர் ஊராகக் கடல் வாரிக்கொண்டு போனது. அதன்பிறகு வானொலிகள் அந்தப் பாட்டைப் போடத் தயங்கின, குழுவும் மேடையில் பாடாமல் வருடக்கணக்கில் ஒதுக்கியே வைத்தது. யாரும் தடை போடவில்லை, கேட்கிறவர்களில் யார் எதை இழந்திருப்பார்களோ என்ற எண்ணம்தான். அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். உங்களுக்கு மனம் ஒப்பவில்லையென்றால் அந்தப் பாட்டைக் கேட்கவே வேண்டாம், மற்றவை நிறைய இருக்கின்றன.

கேள்வி: ஜப்பான் பாட்டில் கடல் என்றாலே கோடைதானா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லை. பெரியவர்கள் கேட்கிற என்கா பாட்டுகளில் கடல் வடக்கே, குளிர்காலத்தில் இருக்கும். சயூரி இஷிகாவா 1977-இல் பாடிய சுகாரு நீரிணைப் பாட்டைக் கேளுங்கள், பிரிந்து வந்த பெண் ஒருத்தி பனிக்காற்றில் தனியாகக் கப்பல் ஏறுவாள்.

கேள்வி: டவுன்ஹால் ரோட்டில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து கேசட்டில் பதிவு பண்ணி வாங்கிய தலைமுறை நான். இதை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? டட்சுரோ யமஷிடா என்ற பாடகரைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள், ஆனால் போனில் அவருடைய தொகுப்புகள் கிடைக்கவில்லையே?
(மளிகைக்கடைக்காரர், செல்லூர்)

பதில்: போனில் இல்லாததற்குக் காரணம் அவரேதான். ஆன்லைன் சந்தாச் சேவைகளுக்குத் தன் பாட்டைத் தரப்போவதில்லை என்று 2022-இல் ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. அவருடைய பழைய தொகுப்புகளை 2023-இல் இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் புதிதாக வெளியிட்டார்கள், 1982-இல் வந்த ‘ஃபார் யூ’ உட்பட. அதன் முதல் பாட்டின் கித்தாருக்காகவே வாங்கலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் செலவு ஆகும், அதனால் இப்போதைக்கு ஓடாக்கியில் ஆரம்பியுங்கள், அது போனிலேயே கிடைக்கும். அப்புறம் செய்கோ மட்சுடா, அதன்பின் சவுதர்ன் ஆல் ஸ்டார்ஸின் அந்த 1990-ஆம் ஆண்டுப் பாட்டு. பழைய டெக் இன்னும் ஓடுகிறதென்றால் பெல்ட்டை மட்டும் மாற்றி வையுங்கள், யமஷிடா கேசட் கைக்கு வரும்போது தேவைப்படும்.