சரக்கொன்றைய விதையில இருந்து வளர்க்குறது: கேளுங்க சொல்றேன்

விதை போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, ஒன்னுகூட முளைக்கல. விதை செத்துப்போச்சா?

சாகலங்க, தோல் கல்லு மாதிரி இருக்குறதால தண்ணியே உள்ள போயிருக்காது. அந்த விதையவே தோண்டி எடுங்க. தட்டையான பக்கத்துல உப்புத்தாள் வச்சு தேய்ங்க, பழுப்புத் தோல் போய் உள்ள வெளுப்பு லேசா தெரிஞ்சா போதும், கூர் முனை பக்கம் மட்டும் கை வைக்காதீங்க, முளை அங்கதான் இருக்கு. ராத்திரி தண்ணில போட்டு வைங்க. காலைல ரெண்டு மடங்கா உப்பியிருக்குறத மட்டும் எடுத்து விதைங்க, உப்பாதத மறுபடி தேய்ச்சு ஊறப்போடுங்க. செம்மண், மணல், தொழு உரம் கலந்த கவர்ல ஒரு விரக்கடை ஆழம் போதும். ஒரு வாரம் பத்து நாள்ல தலை தூக்கும்.

விதை எங்க வாங்கலாம்?

வாங்காதீங்க. மரத்தடில கருப்பா, முழ நீளத்துல காஞ்ச காய் கிடக்கும், சுத்தியால தட்டுங்க, உள்ள அறை அறையா தடுப்பு, அறைக்கு ஒரு விதை, சுத்தி கருப்பா பிசுபிசுன்னு ஒரு சதை. கழுவி நிழல்ல காய வைங்க. அந்த சதை இனிப்பா இருக்கும், ஆனா பேதிக்கு குடுக்குற மருந்து அது, குழந்தைங்க கைக்கு போகாம பாத்துக்கோங்க.

கொதிக்கிற தண்ணில போடலாமா அண்ணா?

அடுப்புல வச்சு கொதிக்கவிட்டா விதை வெந்துடும் தம்பி. உப்புத்தாள் போதும்.

சங்கப்பாட்டுல கொன்றை கார்காலத்துல பூக்குது, சரக்கொன்றை சித்திரைல பூக்குது. அப்ப முதுமலை பக்கம் மழைல மஞ்சளா பூக்குதே, அதான உண்மையான கொன்றை?

இல்லவே இல்லங்க. நீங்க பாத்தது சென்னா ஸ்பெக்டாபிலிஸ், அமெரிக்க கண்டத்து மரம், சங்க காலத்துல இங்க வந்திருக்கவே முடியாது. காட்டுல மத்த செடிய வளரவிடாம பரவுதுன்னு வனத்துறையே வெட்டி அகற்றிட்டு இருக்கு. தயவுசெஞ்சு அதோட விதைய எடுத்துட்டு வந்து போடாதீங்க. இலைய பாத்தாலே தெரியும், அதுல சின்ன சின்ன சிற்றிலை பத்து ஜோடிக்கு மேல வரும், பூங்கொத்து மேல பாத்து நிக்கும். சரக்கொன்றைல உள்ளங்கை நீளத்துக்கு பெரிய சிற்றிலை, மூணுல இருந்து எட்டு ஜோடிதான், பூ சரமா கீழ தொங்கும்.

சரிங்க, ஆனா காலம் இடிக்குதே?

நல்ல கேள்வி, இத பேச எனக்கு ரொம்ப பிடிக்கும். சரக்கொன்றை சித்திரையோட நிக்காது, மழை வந்தா சில மரம் ரெண்டாம் தடவையும் பூக்கும், எங்க தெருவுலயே ஆவணில பாத்திருக்கேன். குறுந்தொகை 66ஆம் பாட்டுல, காலம் தப்பி பெஞ்ச மழைய கார்னு நம்பி கொன்றை பூத்துடுச்சு, மரத்துக்கு அறிவில்லன்னு தோழி தலைவிய தேத்துறா. அப்ப பருவம் தவறி பூக்குறது அவங்களுக்கும் தெரிஞ்ச விஷயம்தான். சிலப்பதிகாரத்துல ஆய்ச்சியர் குரவைல கொன்றைக்குழல் வருது பாருங்க, குழல் செய்யுற அளவு நீளமும் பருமனும் சரக்கொன்றை காய்க்குத்தான் இருக்கு.

விதை முளைக்கவே இல்ல, என்ன பண்ண?

முதல் பதில படிங்க. உப்புத்தாள்.

மே ஃப்ளவர் விதைக்கும் இதே முறையா?

தேய்ச்சு ஊறவைக்குறது அதே. மத்தத இங்க வேணாம், அது மடகாஸ்கர் மரம், வேர் மேலாக்க ஓடி தரைய தூக்கும், வீட்டு சுவர் பக்கம் வைக்காதீங்க.

எப்ப பூக்கும்? மொட்டை மாடி தொட்டில வருமா?

அஞ்சாறு வருஷம், சிலது இன்னும் கூட இழுக்கும். தொட்டி வேணாங்க, ஆணிவேர் மரம். கவர்ல ஒரு வருஷத்துக்கு மேல விட்டா வேர் சுருண்டுக்கும், ஆடி ஐப்பசி மழைக்கு முன்னாடி நல்ல வெயில் விழுற தரைல வச்சுடுங்க.

கன்னுல பச்சைப் புழு, இலையெல்லாம் போச்சு. என்ன மருந்து?

மருந்து அடிக்காதீங்க. எலுமிச்சை மஞ்சள்ல கூட்டமா பறக்குமே, அந்த பட்டாம்பூச்சியோட புழு, அதுக்கு இந்த இலைதான் சாப்பாடு. முழங்கால் உயரத்துக்கும் கீழ இருக்குற கன்னுன்னா புழுவ பொறுக்கி பக்கத்துல பெரிய கொன்றை மரத்துல விடுங்க, பெரிய மரம்னா ஒன்னும் பண்ணாதீங்க, பதினஞ்சு நாள்ல துளிர்த்துடும்.

விதை முளைக்கல சார்…

உப்புத்தாள் வாங்கிட்டீங்களா? தேய்ச்ச விதைய ஒரு போட்டோ எடுத்து போடுங்க, பாத்து சொல்றேன்.