கேம் ஆடியோ டாக்குமென்ட் எழுதுவது ஒரு வேலையா? அம்பாசமுத்திரம் அப்பாவுக்குப் பதில்

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷம் படிக்கும் உங்கள் மகள், “கேம் ஆடியோ மென்பொருளுக்கு ஏ.ஐ. ஏஜென்ட் படிக்கிற மாதிரி டாக்குமென்ட் எழுதப்போகிறேன்” என்கிறாள். ஏ.ஐ. ஏஜென்ட் என்றால், நாம் சொன்னதைக் கேட்டு மென்பொருளைத் தானே இயக்கி வேலையை முடிக்கும் புரோகிராம். வங்கித் தேர்வை விட்டுவிடுவாளோ என்பது உங்கள் கவலை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ‘மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிற வேலை’ என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். கேமில் ஓடுகிறவனின் காலடி தரையில் ஒரு விதமாகவும் தண்ணீரில் வேறு விதமாகவும் கேட்கும். எந்தச் சத்தம் எப்போது, எவ்வளவு உரக்க என்பதை ஒழுங்கு செய்யவே தனி மென்பொருள்கள் இருக்கின்றன. மாண்ட்ரியல் ஆடியோகைனடிக் நிறுவனத்தின் வைஸ், மெல்போர்ன் ஃபயர்லைட் நிறுவனத்தின் எஃப்மாட் இரண்டும் இதில் பெரிய பெயர்கள். ஆடியோகைனடிக்கை சோனி 2019-இல் வாங்கியது. மவுஸைத் தொடாமல், வெளியிலிருந்து ஒரு புரோகிராம் மூலமாகவும் வைஸை இயக்க வழி உண்டு. அந்த வழியில் இப்போது ஏ.ஐ. ஏஜென்ட்டும் நுழைகிறது. ஏஜென்ட்டை இப்படி மென்பொருள்களோடு இணைப்பதற்கான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது முறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது.

இதில் எழுதுகிறவருக்கு என்ன வேலை என்கிறீர்களா? வைஸில் ஒரு சத்தத்தின் வால்யூம் 0 என்று இருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்குச் சத்தமே வராது என்று தோன்றும். ஆனால் அது டெசிபல் கணக்கு. 0 என்றால் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று பொருள். “வால்யூமைப் பாதியாக்கு” என்று ஏஜென்ட்டிடம் சொன்னால், 0-வில் பாதி 0 என்று போட்டுவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லிவிடலாம். அலையின் உயரம் பாதியாக வேண்டுமானால் சுமார் 6 டெசிபல் இறக்க வேண்டும். இயற்பியல் படித்த பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த மாதிரி வரிகளைத்தான் அவள் எழுத வேண்டும்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. ஏஜென்ட் புதிதாக ஒரு பொருளை உருவாக்கும்போது அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் என்ன செய்வது? வேலையை நிறுத்துவது, வேறு பெயர் வைப்பது, இரண்டையும் சேர்ப்பது, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது என்று வைஸ் நான்கு வழி தருகிறது. எதுவும் சொல்லாவிட்டால் நிறுத்திவிடும். அவசரத்தில் கடைசி வழியை ஏஜென்ட் தேர்ந்தெடுத்தால் ஒருவர் பாடுபட்டு அமைத்தது போய்விடும். திரையில் பார்த்து வேலை செய்கிறவர் சுதாரித்துக்கொள்வார், ஏஜென்ட் பெரும்பாலும் எழுத்தை நம்பித்தான் போகிறது. எந்த வழி எப்போது, மாற்றங்களைச் சேமிக்கத் தனி ஆணை உண்டா, கேமுக்குள் கேட்க சவுண்ட்பேங்க்கை, அதாவது கேம் படிக்கும் சத்தத் தொகுப்புக் கோப்பை, மறுபடி உருவாக்க வேண்டுமா என்பதெல்லாம் எழுத்தில் இருந்தாக வேண்டும்.

ஏ.ஐ.யே இதையும் எழுதிவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். முதல் வரைவை எழுதும், சந்தேகமில்லை. எழுதியபடி மென்பொருளில் நடக்கிறதா என்று ஓட்டிப் பார்த்து, காதால் கேட்டுச் சரிசெய்ய ஆள் வேண்டும்.

சரி, சம்பள விஷயத்துக்கு வருவோம். இந்தப் பெயரிலேயே வேலை விளம்பரம் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். டெக்னிக்கல் ரைட்டர், ஆடியோ டூல்ஸ் புரோகிராமர் என்ற வேலைகளின் ஒரு பகுதியாகத்தான் இது வரும். கேம் ஆடியோ சின்ன உலகம். நம் நாட்டில் கேம் ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் பெங்களூரு, புனே, ஹைதராபாத், மும்பை பக்கம். அதனால் இதை மட்டும் நம்பி வங்கித் தேர்வை விட வேண்டாம் என்று அவளிடம் நானே சொல்வேன். ஆனால் கற்கிற திறமை வேறு இடத்திலும் செல்லுபடியாகும். கணக்கு மென்பொருளோ மருத்துவமனை மென்பொருளோ, எல்லாவற்றுக்கும் இப்படி எழுத ஆள் தேவை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ இருக்கிறதே, அங்கே கேம் ஆடியோ கிடையாது. இருந்தாலும் மென்பொருள் செய்கிற இடம் எதுவானாலும் இந்தத் திறமைக்கு வேலை இருக்கும்.

காசு கட்டி ‘ஏ.ஐ. டாக்குமென்டேஷன் கோர்ஸ்’ எதிலும் சேர்த்துவிடாதீர்கள். வைஸ், எஃப்மாட் இரண்டையும் கற்பதற்கு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வைஸுக்கு அந்த நிறுவனமே இணையத்தில் பாடம் வைத்திருக்கிறது. அதோடு புரோகிராம் எழுதக் கொஞ்சம் பைதான், கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட், குறிப்பை ஒழுங்காக எழுத மார்க்டவுன் போதும். பாட்டுக் கேட்கும் புளூடூத் வேண்டாம், சத்தம் தாமதமாக வரும். வயர் வைத்த ஒரு நல்ல ஹெட்போன் மட்டும் வாங்கிக்கொடுங்கள்.

அப்புறம், அவள் பத்து மென்பொருளைப் பற்றி எழுதக் கூடாது. காலடிச் சத்தங்களுக்குப் பெயர் மாற்றுவது போல ஒரே ஒரு சின்ன வேலையை எடுக்கட்டும். குறிப்பு எழுதி, பிராஜெக்ட்டின் நகலில் ஒரு ஏஜென்ட்டிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துத் திருத்தட்டும். முதல் குறிப்பு, ஏஜென்ட் செய்த தவறு, திருத்திய குறிப்பு மூன்றையும், எல்லோரும் பார்க்கும்படி வேலையை வைக்கும் கிட்ஹப் இணையதளத்தில் போட வேண்டும். வேலைக்கு எடுப்பவர் சான்றிதழைவிட இதைத்தான் பார்ப்பார். காலையில் வங்கித் தேர்வுக்கான படிப்பு, சாயங்காலம் ஒரு மணி நேரம் இது என்று செமஸ்டர் முடியும்வரை விட்டுப்பாருங்கள். அந்த இணைப்பை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.