மறைந்த அம்மாவின் சேலைகளைக் கொண்டு கையால் போர்வை தைத்து உடன்பிறந்தவர்களுக்குக் கொடுக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சென்ற ஆண்டு மறைந்த அம்மாவின் பருத்திச் சேலைகள் இருபதுக்கு மேல் பீரோவில் இருக்கின்றன, அவற்றைக் கொண்டு கையாலேயே போர்வைகள் தைத்து அண்ணனுக்கும் தங்கைகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆசைப்படுகிறீர்கள், ஆனால் பொத்தான் தைக்கவும் ஓரம் மடித்துத் தைக்கவும் மட்டுமே தெரியும். தாராளமாகச் செய்யலாம். நேராக ஓட்டுத் தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக வரிசையாகக் கோத்து இழுக்கும் தையல், போடத் தெரிந்தால் போதும். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவைதான் அதிகம். என் கையில் கெட்டுப்போன போர்வைகள் எல்லாமே தையலால் அல்ல, அந்த முன்வேலையில் நான் காட்டிய அவசரத்தால் கெட்டவை.

என் அம்மா 2011இல் காலமானார். நாங்கள் உடன்பிறந்தவர்கள் நான்கு பேர். நான் தைத்த முதல் நான்கு போர்வைகள் எங்கள் நால்வருக்கும் உரியவை. அதன் பிறகு மருமக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்குமாக இன்னும் பத்து தைத்திருக்கிறேன். கற்றுக்கொண்டது தார்வாட்டில். என் கணவரின் வேலை காரணமாக அங்கே ஆறு ஆண்டுகள் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பழைய சேலைகளை அடுக்கித் தைத்துக்கொண்டிருப்பார். வட கர்நாடகத்தில் அந்தப் போர்வைக்குக் கௌதி என்று பெயர். மராட்டியர்கள் கோதடி என்பார்கள். வங்காளத்துக் காந்தாவும் பீகாரின் சுஜனியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம். காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டிலும் ஆச்சி பழைய சேலையை நான்காய் மடித்து ஓரம் சுற்றித் தைத்துப் பச்சைப்பிள்ளைக்கு விரிப்பாள். ஆனால் அதை ஒரு கலையாக யாரும் பேசியதில்லை, பிள்ளைத் துணி என்பதோடு சரி.

முதலில் சேலைகளைத் தரம் பிரியுங்கள். பருத்தி என்று நினைத்து வைத்திருப்பவற்றில் பாலியஸ்டர் கலந்தவை நிச்சயமாக இரண்டு மூன்று இருக்கும். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள்: பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு மெல்லிய சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் என்றால் உருகிக் கடினமான மணியாகத் திரளும். கலப்புச் சேலையைப் பருத்தியோடு சேர்த்துத் தைத்தால், துவைக்கத் துவைக்கப் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது. ஓராண்டில் போர்வையின் மேல்புறம் அங்கங்கே உப்பிக்கொண்டு நிற்கும். ஜரிகைக் கரையையும் கிழித்து எடுத்துவிடுங்கள். அது கழுத்தில் உறுத்தும், கறுத்தும் போகும்.

பிறகு ஒவ்வொரு சேலையையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். சேலை ஒரே சீராக நைந்துபோவதில்லை. உட்காரும் பகுதியும், கொலுசும் குதிகாலும் உரசும் கீழ்க்கரை ஓரமும் சல்லடை போல இழை விலகியிருக்கும். இடுப்பில் செருகும் உள்சுற்றும் முந்தானையும் பெரும்பாலும் திடமாக இருக்கும். திடமான பகுதியை மேலுக்கும் கீழுக்கும் வைத்துக்கொண்டு, நைந்ததை நடு அடுக்குக்கு ஒதுக்குங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். ஓரத்தில் ஒரு சிறிய வெட்டு கொடுத்து இரண்டு கைகளாலும் இழுத்தால் பருத்தி நூல் பிடித்து நேராகக் கிழியும். எந்த அளவுகோலும் அவ்வளவு நேரான ஓரத்தைத் தராது. முதல் சேலையைக் கிழிக்கும்போது மனம் கேட்காது. எனக்குப் பாதியிலேயே கை நின்றுவிட்டது. அன்றைக்கு அதை மடித்து வைத்துவிட்டு மறுநாள்தான் மீதியைக் கிழித்தேன். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் அந்த ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஓர் இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறவைத்து அலசிவிட வேண்டும். நம் வீட்டுப் பருத்திச் சேலைகளில் கஞ்சி ஏறியிருக்கும். கஞ்சி இருந்தால் ஊசி இறங்காது, பின்னாளில் பூச்சியும் அரிக்கும். அதைவிட முக்கியமானது சாயம். என் அம்மாவிடம் அரக்கு நிறத்தில் ஒரு மதுரைச் சுங்குடி இருந்தது. விசேஷங்களுக்கு மட்டும் உடுத்தியதால் அதிகம் தண்ணீர் காணாத சேலை. நாங்கள் நால்வரும் தனித்தனியே கேட்டதும் அந்த ஒரு சேலையைத்தான். அதை நான்காகப் பங்கிட்டு ஒவ்வொரு போர்வையிலும் ஒரு பகுதியை வைத்துத் தைத்தேன், சாயத்தைச் சோதிக்காமலே. தம்பியின் போர்வைதான் முதலில் துவைக்கப்பட்டது. வாளியில் தண்ணீர் சிவந்து, சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகள் இளஞ்சிவப்பாகி, அடியில் வைத்திருந்த வெள்ளை மல் துணி முழுக்கத் திட்டுத் திட்டாக நிறம் ஏறிவிட்டது. ஐம்பது நாள் தைத்த போர்வை அது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். இன்றைய சாயங்களுக்கு அதை நம்ப முடியாது. ஒவ்வொரு சேலையிலும் ஒரு மூலையை நனைத்து, மேலே வெள்ளைத் துணியைப் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் இறங்கினால் அந்தச் சேலையை மட்டும் தனியாக, அலசிய தண்ணீர் தெளியும் வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். எட்டு முறை அலசியும் தெளியாவிட்டால் வெளிர்நிறத் துணியின் பக்கத்தில் அதை வைக்கவே வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, இருபது சேலை இருக்கிறதே என்று பெரிய இரட்டைக் கட்டில் போர்வையில் தொடங்காதீர்கள். ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குலத்துக்கு 90 அங்குலம் போதும். ஐந்தரை மீட்டர் சேலையை 62 அங்குல நீளத்தில் மூன்று துண்டுகளாகக் கிழிக்கலாம். சேலையின் அகலம் ஏறத்தாழ 46 அங்குலம் என்பதால் இரண்டு துண்டுகளைக் கரையோடு கரை சேர்த்தால் ஓர் அடுக்கு கிடைத்துவிடும். ஆக, இரண்டு சேலைகளில் மூன்று அடுக்குள்ள ஒரு போர்வை. ஒவ்வொரு சேலையிலும் முக்கால் மீட்டர் மிஞ்சும். அதை எடுத்து வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது. நடு அடுக்கில் மட்டும் இணைப்பை மாற்றிப் போடுங்கள்: ஒரு முழுத் துண்டை நடுவில் வைத்து, இன்னொன்றை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து இருபுறமும் சேர்த்தால், மூன்று அடுக்கின் இணைப்புகளும் ஒரே இடத்தில் விழுந்து ஊசியை முறிக்கிற தொல்லை இராது. உள்ளே பஞ்சு எதுவும் வைக்க வேண்டியதில்லை. இலவம் பஞ்சு தையலுக்கு நிற்காமல் ஒரு மூலையில் போய்த் திரளும். கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் அட்டைப் பஞ்சு நம் ஊர் வெயிலில் வியர்க்க வைக்கும். மூன்று அடுக்குச் சேலையே மார்கழிக் குளிருக்குப் போதுமானது, சித்திரையிலும் உடம்பில் போட்டுக்கொள்ள முடியும்.

இனி தையல். கூட்டிப் பெருக்கிய தரையில் அடித்துணியை விரித்து, நான்கு மூலைகளிலும் பாரம் வைத்து, சுருக்கம் நீவி, அதன் மேல் மற்ற இரண்டையும் விரியுங்கள். தையற்காரர்கள் கச்சா தையல் என்பார்களே, அதுபோல ஒரு சாண் இடைவெளியில் நீள நீளமாகப் போட்டு மூன்றையும் பிணைத்துவிடுங்கள். ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்த பின், அந்த ஓரத்தை ஒட்டியே ஓட்டுத் தையலைத் தொடங்கி, மூலையில் திரும்பி, போர்வையைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி வர வேண்டும். இதுதான் கௌதியின் முறை. நடுவில் தொடங்கி வெளிநோக்கிப் போவதுதான் சரி என்று மேலைநாட்டு முறையைக் கற்றவர்கள் சொல்வார்கள்; துணியின் தொய்வை வெளியே தள்ளுவதற்கு அது உதவும் என்பது உண்மைதான். சட்டமும் மேசையும் இல்லாமல் மடியில் போட்டுத் தைப்பவருக்கு ஓரம் முதலில் உறுதியாகிவிடுவதே பெரிய வசதி. தொய்வு உள்ளே சேர்ந்தால் அஜ்ஜி அதை ஒரு சிறு மடிப்பாக மடித்து, மேலே ஒரு வண்ணத் துண்டை வைத்துத் தைத்துவிடுவார். அந்த இடம்தான் பிறகு எல்லோருடைய கண்ணிலும் அழகாகப் படும்.

வலது கை ஊசியைப் பிடித்திருக்க, இடது கையின் நடுவிரல் துணிக்கு அடியில் இருக்கும். ஊசி முனை அந்த விரல் நுனியில் பட்டும் படாமலும் தொட்ட கணத்தில் மேலே திருப்ப வேண்டும். மூன்று அடுக்கும் ஊடுருவப்பட்டதற்கு அந்தத் தொடுகைதான் சாட்சி. அப்படி நான்கைந்து தையலை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு ஒருசேர இழுங்கள். இழுத்த பிறகு கட்டைவிரலால் தையல் வந்த வழியே ஒருமுறை நீவிவிட்டால் நூல் தளர்ந்து துணி படியும். நீவாமல் போனால் கொசுவிக்கொள்ளும். அங்குலத்துக்கு நான்கு தையல் நல்ல அளவு. வரிகளுக்கிடையே ஓர் அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள், ஏனென்றால் நைந்த துணிக்கு உயிர் கொடுப்பது அந்த நெருக்கம்தான். முடிச்சும் போடாதீர்கள், பழந்துணியில் முடிச்சு பொத்துக்கொண்டு வந்துவிடும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரு தையல் தூரம் பின்னே போய் ஊசியை இறக்கும் பின்தையல் இரண்டு போட்டு, நூல் நுனியை அடுக்குகளுக்கு நடுவே இழுத்து மறைத்துவிடுங்கள். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் மூன்று இழையைப் பிரித்து எடுத்துக்கொண்டால் சரியான கனம். ஒரு போர்வைக்கு ஏறத்தாழ 140 மீட்டர் தையல் ஓடும்; மூன்று மூன்று இழையாகப் பிரித்தால் ஒவ்வொரு கண்டும் இருமடங்கு நீளம் தரும் என்பதால், 8 மீட்டர் நூற்கண்டு பன்னிரண்டு வாங்கி வையுங்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்தார்கள். நானும் ஒரு போர்வையில் சில வரிகளுக்கு அப்படிச் செய்தேன். பொறுமை வேண்டும், ஆனால் அம்மாவின் சேலையை அம்மாவின் நூலாலேயே தைத்தது மனத்துக்கு நிறைவாக இருந்தது.

நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒற்றைப் போர்வைக்கு ஒன்றரை மாதம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதனால் இன்னாருக்கு இந்தத் தேதியில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்க வேண்டாம். முதலில் 36க்கு 45 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வையைத் தைத்துப் பழகுங்கள்; அதற்குச் சேலையில் பாதியை விடச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். அதைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்: ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது மேலே போர்த்தவோ அடியில் மெத்தைபோல் மடித்து வைக்கவோ கூடாது, மூச்சுக்கு ஆபத்து. விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் படுக்கவிடுவதற்கு அது மிக நல்லது.

மறைந்தவரின் சேலையைக் கிழிக்கலாமா, பிள்ளைகளுக்குப் போர்த்தலாமா என்று வீட்டில் பெரியவர்கள் தயங்கக்கூடும். எங்கள் பெரியம்மாவும் தயங்கினார்கள். அவர்களோடு வாதாடாதீர்கள்; சேலைகளைத் துவைத்துக் காயவைத்து அவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்து, எதை எல்லாம் எடுக்கலாம் என்று அவர்களையே பிரித்துத் தரச் சொல்லுங்கள். எங்கள் பெரியம்மா ஒவ்வொன்றாக மடியில் வைத்து, இது யாருடைய கல்யாணத்துக்கு எடுத்தது, இது எந்தத் தீபாவளிக்கு என்று சொல்லிக்கொண்டே பிரித்தார்கள். அவற்றை அன்றே ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நீங்களும் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைகளின் கையில் அது வெறும் துணியாகத்தான் இருக்கும்.

எல்லோரும் கேட்கும் அந்த ஒரு சேலை உங்கள் வீட்டிலும் இருக்கும். அதை ஒருவருக்கே கொடுத்துவிடாதீர்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கங்களில் வாழும் சித்தி சமூகத்தினர், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், கவந்த் என்ற போர்வையைத் தைக்கிறார்கள். அதன் மூலைகளில் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கடுக்காகத் தைப்பது வழக்கம். அதற்குப் பூ என்று பெயர், பூ வைக்காத கவந்த் உடுத்தாத உடம்பு போல அவர்களுக்கு. சுங்குடியில் சூடுபட்ட பிறகு நான் இந்த முறைக்கு மாறினேன். நன்றாக அலசிச் சாயம் நின்ற அந்த அரக்குச் சேலையின் மிச்சத்திலிருந்து நான்கு அங்குலச் சதுரங்கள் எடுத்து, முக்கோணமாக மடித்து, பிறகு தைத்த ஒவ்வொரு போர்வையின் நான்கு மூலைகளிலும் வைத்தேன். துணி கொஞ்சம்தான் செலவாகிறது, பங்கும் எல்லோருக்கும் சமமாகப் போகிறது.

கொடுக்கும்போது வண்ணத்தாளில் சுற்றிக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தவை இரண்டு, பிளாஸ்டிக் உறையோடு பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. அவர்கள் வீட்டுக்குப் போய், கட்டிலில் நீங்களே விரித்துவிட்டு வாருங்கள். மற்றத் துணிகளைப் போலவே துவைக்கலாம், நிழலில் காயவைத்தால் போதும் என்று சொல்லுங்கள். கிழிந்தால் உங்களிடம் திருப்பி அனுப்பும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சிய முக்கால் மீட்டர் துண்டுகளை யார் போர்வையில் எந்தச் சேலை என்று சீட்டு எழுதி ஒரு பையில் போட்டு வைத்திருந்தால், அதே சேலையின் துண்டையே ஒட்டுப் போட முடியும். சிவப்புத் திட்டு விழுந்த தம்பியின் போர்வை இதுவரை மூன்று முறை என்னிடம் ஒட்டுக்கு வந்திருக்கிறது. கடைசியாக வந்தபோது அதைப் போர்த்திக்கொண்டிருந்தவன் அவனுடைய மகன்.