விழுகிற பொருளைத் தள்ளுவது எது?

கேள்வி: நியூட்டன் ஈர்ப்பு விசைக்குச் சூத்திரம் கொடுத்தார், சரி. அந்த விசை எதனால் வருகிறது என்று வகுப்பில் கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டார்கள். நான் கேட்டது தப்பா?
– பிளஸ் டூ மாணவி, கரூர்

பதில்: தப்பே இல்லை. 'உட்கார்' என்ற அந்த வார்த்தையைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். நீங்கள் கேட்டதைத்தான் நியூட்டன் காலத்துப் பெரிய அறிஞர்களான ஹைகன்ஸும் லைப்னிட்ஸும் நியூட்டனிடம் கேட்டார்கள்.

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஊறிய டீத்தூளைக் கொஞ்சம் போடுங்கள். ஸ்பூனால் வேகமாகக் கலக்கிவிட்டு ஸ்பூனை எடுத்துவிடுங்கள். சுற்றுகிற தண்ணீர் தூளை ஓரத்துக்குத்தானே ஒதுக்க வேண்டும்? நேற்றுகூட செய்து பார்த்தேன். அத்தனை தூளும் அடியில் நடுவே வந்து குவிந்துவிட்டது.

1669இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஹைகன்ஸ் பேசியது ஏறக்குறைய இதைப் பற்றித்தான். அவர் எடுத்துக்கொண்டது முத்திரை அரக்கின் துணுக்குகள். தண்ணீர்ப் பாத்திரத்தை மேஜையோடு சுழற்றிச் சட்டென்று நிறுத்தினால், தண்ணீர் மட்டும் தொடர்ந்து சுழலும். அடியில் உரசி வேகம் இழந்த அரக்கு மையத்துக்கு ஓடிவரும். பூமியைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பொருள் இப்படி எல்லாத் திசைகளிலும் பாய்கிறது, அது வெளியே விலகப் பார்க்கும்போது அந்த வேகம் இல்லாத கல்லும் காயும் உள்ளே தள்ளப்படுகின்றன என்றார் அவர். விண்வெளி முழுக்க நுண்பொருள் சுழல்சுழலாகச் சுற்றிக் கோள்களைச் சுமந்துபோகிறது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட் 1644இல் சொன்ன சுழல் கொள்கையைச் செப்பனிட்ட வடிவம் இது. அந்த நுண்பொருள் பூமத்திய ரேகையில் பூமி சுழலும் வேகத்தைப்போல் 17 மடங்கு வேகத்தில் ஓட வேண்டும் என்று கணக்கும் போட்டார். வினாடிக்கு கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். பூமியை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோளின் வேகம் அதுதான்! இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அப்புறம் ஏன் அது நிலைக்கவில்லை? நியூட்டன் ஒரே மாதிரியான இரண்டு மரப்பெட்டிகளை 11 அடி நூல்களில் தொங்கவிட்டார். ஒன்றில் மரம், மற்றொன்றில் அதே எடைக்குத் தங்கம். பக்கத்துப் பக்கத்தில் ஆடவிட்டால் இரண்டும் வெகுநேரம் சேர்ந்தே ஆடின. வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, தண்ணீர், கோதுமை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்; வித்தியாசமே இல்லை. ஆக, எடை என்பது பொருளுக்குள் இருக்கிற சரக்கின் அளவைப் பொறுத்தது. வெளியிலிருந்து மோதித் தள்ளுகிற எதுவும் மேற்பரப்பைத்தானே பார்க்கும்? போதாததற்கு, வால்மீன்கள் அந்தச் சுழல்களை எதிர்த்தும் குறுக்கேயும் தடையில்லாமல் போய்வந்தன.

ஆனாலும் ஹைகன்ஸ் விடவில்லை. நியூட்டன் ஈர்ப்பு விதியை வெளியிட்ட பிரின்சிபியா என்ற நூல் வந்து மூன்று வருஷம் கழித்து, 1690இல், தன் விளக்கத்தைப் புத்தகமாகவே போட்டார். நியூட்டனின் கணிதத்தை அவர் பெரிதும் மதித்தார். பொருள்கள் தாமாகவே ஒன்றையொன்று இழுக்கும் என்பதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. நியூட்டனுக்கும் அங்கே உறுத்தல் இருந்தது. நடுவில் எதுவுமில்லாமல், வெற்றிடத்தின் வழியே ஒரு பொருள் தொலைவிலுள்ள இன்னொன்றைப் பாதிக்கும் என்பது பெரிய அபத்தம் என்று 1693இல் பென்ட்லி என்ற மதகுருவுக்கு எழுதினார். 1713இல் வந்த பிரின்சிபியாவின் இரண்டாம் பதிப்பில், காரணத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, ஊகம் கட்டமாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். வகுப்பில் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதில் இதுதான்.

லைப்னிட்ஸுக்கு அது போதவில்லை. காரணம் இல்லாத இழுப்பு என்றால் அது ஓயாத அற்புதம் என்று 1715, 1716இல் கடிதம் கடிதமாக எழுதினார். நியூட்டன் தரப்பில் கிளார்க் பதில் எழுத, கடிதங்கள் வேல்ஸ் இளவரசி கரோலின் கைவழியே போய்வந்தன. கிளார்க்கின் ஐந்தாவது பதிலுக்கு மறுமொழி வரவில்லை. 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் இறந்துவிட்டார்.

1915இல் ஐன்ஸ்டைன் இதை எப்படித் திருப்பிப் போட்டார் என்பதை இன்னோர் இதழில் எழுதுகிறேன். அதற்குள் டம்ளரில் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.