மடக்குக் கத்தி: மூடுகிற சத்தத்தைக் கேளுங்கள்
(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பழைய பாணி மடக்குக் கத்திகளைச் சேர்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மான்கொம்புப் பிடியா, எலும்புப் பிடியா, மரப்பிடியா என்று குழம்பிப்போய் இன்னும் ஒன்றுகூட வாங்கவில்லை. முதல் கத்தி எதுவாக இருக்கலாம் ஐயா?

பதில்: பிடியில் தொடங்கினால் குழப்பம்தான். நானும் அங்கேதான் தொடங்கினேன். கண்ணில் முதலில் படுவது அதுதானே. ஆனால் மடக்குக் கத்தியின் உயிர் மூட்டில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கைக்கடிகாரம் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். ஸ்பிரிங்கைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டுவிடுவேன். கத்தியையும் அப்படித்தான் வாங்குகிறேன்.

பழைய பாணிக் கத்திகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டு கிடையாது. பிடியின் முதுகு நெடுகப் பட்டையான ஸ்பிரிங் ஒன்று இருக்கும். அலகின் அடிப்பகுதியை அது அழுத்திக்கொண்டே இருக்கும். அலகு திறந்து நிற்பதும் அந்த அழுத்தத்தால்தான், மூடிக் கிடப்பதும் அதனால்தான். கையில் எடுத்ததும் மெதுவாகத் திறந்து பாருங்கள். திறந்து முடியும் இடத்தில் ‘டக்’ என்று ஒரே சத்தம், அழுத்தமாக வர வேண்டும். மூடும்போதும் அப்படியே. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. நறநறவென்றால் உள்ளே மணலோ துருவோ இருக்கிறது, அதைக்கூடச் சரிசெய்துவிடலாம். சோர்ந்த ஸ்பிரிங்கை நீங்களும் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து, அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே ஒளி கசிகிறதா என்று பாருங்கள், கசியக் கூடாது. கடைசியாகக் கட்டைவிரலை முதுகில் ஓட்டுங்கள். திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் ஸ்பிரிங் பிடியோடு மட்டமாக இருந்தால், செய்தவர் பொறுமைசாலி. பாதி திறந்த நிலையிலும் மட்டமாக இருந்தால் விலையைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கே இல்லாத ஒரு கத்தியைத்தான் முதலில் வாங்கச் சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள். ஒப்பினெல், எட்டாம் எண். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கியது. பீச் மரப்பிடியில் ஒரு பிளவு, 8.5 செ.மீ. அலகு ஒன்று, ஓர் ஆணி, ஒரு வளையம்; முடிந்தது. திறந்தபின் அலகு மடங்காமல் தடுக்கும் சுழல் வளையம் 1955இல் வந்து சேர்ந்தது. மரம் ஈரத்தில் ஊதினால் அலகு உள்ளே இறுகிக்கொள்ளும். அதற்குச் சவோய்க்காரர்களின் கைவைத்தியம் ஒன்று உண்டு. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் அடி நுனியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துவிடலாம். விலை மலிவு என்பதால் தைரியமாகத் தீட்டிப் பழகலாம். தீட்டத் தெரியாமல் கத்தி சேர்ப்பது, சாவி கொடுக்கத் தெரியாமல் கடிகாரம் சேர்ப்பது மாதிரி.

கேள்வி: கார்பன் எஃகு நல்லதா, துருப்பிடிக்காத எஃகு நல்லதா?

பதில்: கார்பன் எஃகு கல்லில் சீக்கிரம் கூர் ஏறும், ஆனால் வேலை முடிந்ததும் துடைக்க வேண்டும். பழத்தின் புளிப்பு பட்டாலே சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும். துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. மறதிக்காரர்களுக்கு இரண்டாவதுதான் சரி. நான் பெரிய மறதிக்காரன். ஆனாலும் என் பையில் இருப்பது கார்பன் எஃகுதான். அந்த நீல நிறத்தின் மேல் ஒரு மோகம்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் இரண்டு அலகுள்ள பழைய பேனாக்கத்தி கிடைத்தது. அலகு முழுக்கக் கறுத்திருக்கிறது. பாலிஷ் போட்டுப் புதிதுபோல் ஆக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் கையிலிருக்கும் உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.

இதே காரியத்தை நான் செய்திருக்கிறேன். பழைய சாமான்களோடு வந்த, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் செய்த ஒரு கத்தி. அலகின் அடியில் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் மங்கலாகத் தெரிந்தன. அது ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. கடிகார மூடியைப் பளபளப்பாக்கும் சக்கரம் பக்கத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. காட்டினேன். ஐந்து நிமிடத்தில் அலகு கண்ணாடி ஆயிற்று. நட்சத்திரமும் இல்லை, சிலுவையும் இல்லை. எண்பது தொண்ணூறு வருடங்கள் யாரோ வைத்திருந்த பெயரை நான் ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டேன். அந்தக் கத்தியை இன்னும் வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டுவதில்லை.

கறுப்பும் சாம்பலும் அழுக்கல்ல. அவை எஃகின் மேல் படிந்த தோல். உள்ளே துரு இறங்காமல் ஓரளவு தடுப்பவை. விரலில் ஒட்டுகிற செந்துருதான் எதிரி. அதன் மேல் மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு பித்தளைத் துண்டு ஒன்றால் மெல்லச் சுரண்டுங்கள். பித்தளை எஃகைவிட மென்மையானது, கீறல் விழாது. மூட்டிலும் அதே எண்ணெய் ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளாக நாளாக அது பிசினாகிவிடும். அலகு திறக்க மறுத்தால் குறடு போட்டு இழுக்காதீர்கள். நகம் வைக்கிற குழியின் ஓரம் உடைந்தால் போனதுதான். எண்ணெயிலேயே இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும்.

நீங்கள் ‘பேனாக்கத்தி’ என்று எழுதியது எனக்கு மகிழ்ச்சி. பேனா என்பது போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்று பொருள். இறகு மழுங்க மழுங்கச் சீவி எழுதிய காலத்தின் கத்தி அது. உங்கள் கத்தியின் சின்ன அலகு அந்த வேலைக்குப் பிறந்த வம்சம்.

கேள்வி: தேனீச் சின்னம் வைத்த ‘லாகியோல்’ கத்தி ஒன்றை மிக மலிவாக வாங்கினேன். போலி என்கிறான் நண்பன். உண்மையா?

பதில்: முதலில் பெயர். எழுத்துக்கூட்டி வாசித்தால் அப்படித்தான் வரும். அந்த ஊர்க்காரர்கள் ‘லயோல்’ என்பார்கள். தென் பிரான்சில் அவெய்ரோன் வட்டாரத்திலுள்ள சிற்றூர். அங்கே 1829இல் தொடங்கிய பாணி இது. ஆனால் அந்தப் பெயர் ஒரே நிறுவனத்தின் சொத்து அல்ல. அதனால் உலகில் எங்கே செய்த கத்தியிலும் அந்தப் பெயரைப் பார்க்கலாம். பிரான்சிலேயே தியேர் நகரப் பட்டறைகளில் செய்தவைதான் ஏராளம். அவற்றில் அருமையான கத்திகள் உண்டு. ஆகவே ‘போலியா’ என்று கேட்பதைவிட ‘ஒழுங்காகச் செய்ததா’ என்று கேட்பது நல்லது.

தேனீயை நெப்போலியன் கொடுத்தார் என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொண்டே கேளுங்கள், அது கதை. தேனீ உட்கார்ந்திருக்கும் அந்த ஸ்பிரிங் முனைக்குப் பிரெஞ்சில் ‘ஈ’ என்றே பெயர். அந்த ஈ ஸ்பிரிங்கோடு ஒரே இரும்பாக அடிக்கப்பட்டதா, தனியாகச் செய்து ஒட்டவைத்ததா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரே இரும்பு என்றால் உழைப்பு அதிகம். முதுகில் ஓடும் செதுக்கலும் கையால் அரம் பிடித்ததென்றால் கொஞ்சம் கோணல் மாணலாக இருக்கும். அச்சில் வார்த்ததுபோல் இருக்காது.

இன்னொன்று. இந்த வகையில் பல கத்திகளை ‘டக்’ என்று மூடவிடக் கூடாது. கூர் நேராக ஸ்பிரிங்கில் போய் இடித்து மழுங்கும். கையால் அணைத்து மூடுங்கள். மேலே நான் சொன்ன சத்த விதிக்கு இது விலக்கு.

கேள்வி: அமெரிக்க ‘கேஸ்’ கத்தியில் பெயருக்குக் கீழே புள்ளிகள், ஒரு நான்கிலக்க எண். இவை எதற்கு?

பதில்: புள்ளிகள் வயதைச் சொல்பவை. 1970இல் பத்துப் புள்ளிகளோடு தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். 1979இல் ஒரே புள்ளி. 1980இல் முத்திரையின் எழுத்துருவை மாற்றி மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தார்கள். எனவே எழுத்துருவையும் சேர்த்துப் பார்க்காமல் புள்ளியை மட்டும் எண்ணினால் பத்து வருடம் பிசகிவிடும். எண்ணில் முதல் இலக்கம் பிடியின் பொருள், இரண்டாவது அலகுகளின் எண்ணிக்கை, மீதி வடிவத்தின் எண். 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, ‘டிராப்பர்’ வடிவம். முத்திரை பளிச்சென்று கூர்மையாக இருந்து, அலகு மட்டும் தேய்ந்து ஒல்லியாகியிருந்தால், முத்திரை பின்னால் குத்தியதோ என்று சந்தேகப்படுங்கள்.

கேள்வி: சேர்த்த கத்திகளை எப்படி வைத்திருப்பது? எல்லாம் ஒரே தகரப் பெட்டியில்தான் இருக்கின்றன.

பதில்: இன்றைக்கே பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

என்னிடம் ஆறு கத்திகள் ஒரே பெட்டியில் இருந்தன. ஒன்றின் பிடி முத்துப்போல் மினுங்கும் செல்லுலாய்டு. ஒன்றரை வருடம் கழித்துத் திறந்தால் கற்பூர நெடி, அதோடு மூக்கைக் குத்தும் அமில வாடை. அந்தப் பிடி நொறுங்கியிருந்தது. மற்ற ஐந்தின் அலகுகளிலும் துரு. பழைய செல்லுலாய்டு சிதையும்போது விடும் வாயு, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. கற்பூரம் அதன் செய்பொருளிலேயே உண்டு. சேதமெல்லாம் என் சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த கூலி. செல்லுலாய்டுப் பிடிகளைத் தனியே, காற்றோட்டமாக, நெருப்பிலிருந்து தள்ளி வையுங்கள், எளிதில் தீப்பற்றும். தோல் உறைக்குள்ளும் நெடுநாள் விடாதீர்கள், தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். கொம்புப் பிடியைப் பூச்சி அரிக்கும், அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: பயணத்தில் கொண்டு போகலாமா?

பதில்: விமானத்தில் கைப்பையில் கூடாது, சரக்காகப் போடும் பெட்டிக்குள் வைக்கலாம். ஊருக்கு ஊர் சட்டம் வேறு. பிரிட்டனில் பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். பூட்டு இருந்தால் கதை மாறிவிடும். போகிற இடத்தின் விதியைப் புறப்படும் முன்பே பாருங்கள்.

கேள்வி: என் பத்து வயது மகளுக்கும் ஒரு கத்தி வேண்டுமாம். கொடுக்கலாமா?

பதில்: பக்கத்தில் நீங்கள் உட்கார்வதாக இருந்தால் கொடுக்கலாம். ஜப்பானில் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ‘ஹிகோனோகாமி’ என்ற உலோகத் தகட்டுப் பிடிக் கத்தியால்தான் பென்சில் சீவினார்கள். ஆனால் அதற்குப் பூட்டும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. அலகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அவளுக்கு அது இப்போது வேண்டாம். நுனி வட்டமான, வளையப் பூட்டுள்ள ஏழாம் எண் ஒப்பினெல் குழந்தைகளுக்கென்றே வருகிறது. திறந்ததும் வளையத்தைத் திருப்புவதை ஒரு வாரம் பழக்குங்கள். மூடிய கத்தியைக் கையில் பிடித்து, கையை நீட்டி, இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். அந்த வட்டத்துக்குள் யாரும் இல்லாதபோதுதான் திறக்க வேண்டும். பிறருக்குக் கொடுப்பது மூடிய பிறகுதான்.

முதல் வேலையாக ஒரு பென்சிலைக் கொடுங்கள், உடம்பிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவட்டும். கொடுப்பதற்கு முன்பு அலகை நீங்களே நன்றாகத் தீட்டிவிடுங்கள். மழுங்கிய கத்தியைத்தான் குழந்தை கூடுதலாக அழுத்தும். அழுத்தும்போதுதான் அது வழுக்கும்.