கவரில் இத்தனை பேர் வேண்டாம்

உங்கள் கேமின் கவரில் டிராகன், கோட்டை, நான்கு வீரர்கள், நிலா எல்லாம் வரைந்தும், கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் யாரும் அதைக் கிளிக் செய்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே போனில் பார்த்தேன், டிராகன் ஏதோ கருகிய பிராட்டா மாதிரி தெரிந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்ன கேப்சூல், அதாவது ஸ்டீம் பட்டியல்களில் வரும் சிறிய கவர் படம், 462க்கு 174 பிக்சல்தான், சில பட்டியல்களில் அதையும் 120க்கு 45 ஆகச் சுருக்கிவிடுவார்கள். அந்த அளவில் ஓவியம் எடுபடாது, கேமின் பெயர்தான் நிற்கும். அதனால் அதில் பெயரையே முக்கால்வாசி இடத்துக்குப் பெரிதாக்கி, அந்த மெல்லிய தங்க எழுத்தைத் தூக்கிவிட்டு, இருட்டான பின்னணியில் தடித்த வெளிர் எழுத்தாகப் போடுங்கள். பெரிய படத்துக்கு அந்த வில் பிடித்த பெண்ணின் முகமும் அவளுக்குப் பின்னால் டிராகனின் ஒற்றைக் கண்ணும் போதும், கோட்டையை யாரும் தேடப்போவதில்லை. அப்புறம், ஓரத்தில் இருக்கும் ‘விருது பெற்றது’ பட்டையை எடுத்துவிடுங்கள், 2022 முதல் ஸ்டீம் அதை விடுவதில்லை.